அளவு ஜாக்கெட்டும் மூன்றாம் ஓலையும்

ஏப்ரல் 22, செவ்வாய்

எனக்குக் கல்யாணம்.

எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் இந்த டைரியை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இதுவரை இதில் இருந்தது காஸ் சிலிண்டர் வந்த தேதிகள் மட்டும். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு தரம் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்கு உயிரியல் நடத்தும், நாற்பத்தைந்து முடிந்த ஹெப்சிபா டீச்சருக்கு மே பதினைந்தாம் தேதி கல்யாணம்.

மாப்பிள்ளை அருமைநாயகம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு அங்கி தைப்பவர் அவர்தான். குருத்தோலை ஞாயிறன்று பவனி புறப்படும் நேரம் பார்த்து என் அங்கியின் கீழ்மடிப்பு பிரிந்து தொங்கியது. கோயில் படியில் உட்கார்ந்து, நான் நின்றபடி நிற்கவே தைத்துக் கொடுத்தார். தலை நிமிராமல், பல்லில் ஒரு ஊசியைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"டீச்சர், நீங்க ஒத்தையில இருக்கிய. நானும் ஒத்தையில இருக்கேன். ரெண்டையும் சேத்து ஒரு தையல் போட்டுருவமா?"

"மொதல்ல ஊசிய வாயில இருந்து எடுங்க அண்ணாச்சி" என்றேன்.

எடுத்தார். சரி என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. கையில் குருத்தோலையோடு தெருவெல்லாம் ஓசன்னா பாடிக்கொண்டு போனேன். அன்றைக்குப் போல நான் பாடியதே இல்லை.

பிறகு வந்ததுதான் சோதனை. பரிசுத்த வாரம் முழுக்க முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் என் உதடு தானாக மேலே ஏறிக்கொண்டே இருந்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேன். டீச்சர் எவ்வளவு உருகுகிறார் பாருங்கள் என்று இரண்டு பேர் சொன்னார்களாம். ஆண்டவர் மன்னிப்பார். ஈஸ்டர் அன்று இருவருமாகப் போய்ச் சபைக்குரு ஐயரிடம் சொன்னோம்.

ஒன்றை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன். இது ஒரு துணைக்காக. அவ்வளவுதான்.

ஏப்ரல் 24, வியாழன்

அவரை என்னவென்று கூப்பிடுவது? பதினைந்து வருடமாக அண்ணாச்சி என்று கூப்பிட்டாயிற்று. இனிமேல் அது ஆகுமா? 'நாயகம்' என்று தனியாகச் சொல்லிப் பார்த்தேன். உடனே சமையலறைக்குப் போய் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஏப்ரல் 26, சனி

இன்று விவாக ஆயத்த வகுப்பு. இந்த வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்காத ஜோடிக்கு எங்கள் சபையில் கல்யாண ஓலை என்கிற அறிவிப்பை வாசிக்க மாட்டார்கள். இதில் பெண்களுக்கான 'சரீரம்' என்ற பாடத்தைப் பதினாறு வருடமாக நடத்துவது யார்? நான்தான். கல்யாணமே ஆகாதவளிடம் இதை ஏன் கொடுத்தார்கள் என்றால், நீங்கள் பள்ளியில் படம் போட்டு விளக்குகிறவர்தானே என்றார் அப்போதிருந்த ஐயர். அன்று எழுதிய குறிப்பு நோட்டுதான் இன்றும். நானே நடத்தி, நானே உட்கார்ந்து கேட்டு, என் சான்றிதழில் நானே கையெழுத்துப் போட வேண்டும். இப்போதிருக்கிற ஐயர் என்னைவிடப் பத்து வயது இளையவர். "ரெண்டு எடத்துலயும் நீங்களே போட்டுருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவசரமாக மாப்பிள்ளைகள் இருந்த அறைக்குப் போய்விட்டார்.

என் முன்னால் மூன்று பெண்கள். மூவர் வயதையும் கூட்டினால்தான் என் வயதைத் தாண்டும். நோட்டைத் திறந்து வாசித்தேன். "நம் சரீரம் தேவனுடைய ஆலயம். ஆலயத்தைச் சுத்தமாகவும் அமைதியாகவும் பூட்டிப் பாதுகாக்க வேண்டும்."

ஷெரின் என்று ஒரு பெண், நர்ஸ் வேலை பார்க்கிறாள். கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஆலயத்தப் பூட்டியே வச்சிருந்தா எப்டி? மணி அடிக்கணும், பாட்டுப் பாடணும், அசன விருந்து வைக்கணும்லா?"

மற்ற இரண்டும் மேசைக்கடியில் தலையை விட்டுச் சிரித்தன. இந்த மாதிரிக் கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில், "துண்டுச்சீட்டில் எழுதிப் போடுங்கள்" என்பது. இன்று அது வாயில் வரவில்லை. பென்சிலை எடுத்து, நோட்டில் 'அமைதியாகவும்' என்பதை அடித்தேன். சற்று யோசித்து 'பூட்டி' என்பதையும் அடித்தேன். பதினாறு வருடமாக எத்தனை பெண்களைப் பூட்டி அனுப்பினேனோ!

கடைசியில் ஜோடிகளைச் சேர்த்து உட்காரவைத்து ஒரு பயிற்சி. துணையிடம் மறைக்கக்கூடாத ஒன்றைச் சீட்டில் எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடித்ததும் நான்தான், எந்த நேரத்தில் கண்டுபிடித்தேனோ. அவர் எழுதிக் கொடுத்தது: "மேல் வரிசைப் பல் பூராவும் கட்டியது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுவேன்." எழுத்து வரிவரியாக, நேர்த் தையல் மாதிரி இருந்தது.

நான் எழுதிக் கொடுத்தது: "நான் காப்பிக்குச் சர்க்கரை போடமாட்டேன்."

வேறொன்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதலாம் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரியப்படுத்தவும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஓலை வாசிக்கிற அன்று பெண் கோயிலுக்கு வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் குழுவில் ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரலை ஒழுங்காகப் பாடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வந்தே ஆக வேண்டும் என்று ஆர்கன் வாசிக்கும் கிப்சன் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓரத்து நாற்காலி என்னுடையது. பின்னால் பார்ப்பதற்கு ஆர்கன்மேல் அவர் மாட்டியிருக்கும் கண்ணாடியில் தெரிகிற ஆள் நான் மட்டும்தான். நான் எழுந்தால் அவர் வாசிக்கத் தொடங்குவார், குழு எழும், குழு எழுந்தால் சபை எழும். இருபது வருடமாக இதுதான் ஒழுங்கு.

ஓலை வாசித்தபோது சபை முழுக்க என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் மூன்றாம் வரிசையில் இருந்தார். கழுத்தில் அளவுநாடா இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறேன். வெறும் கழுத்து. பிடரியில் எண்ணெய் தேய்த்துச் சீவிய முடி. முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக் கை. அதற்குமேல் ஏதோ வசனம் வாசித்தார்கள், தோமா என்று காதில் விழுந்தது. என்ன பிரசங்கம் என்று யாராவது கேட்டால் அகப்பட்டுக்கொள்வேன்.

எனக்கு உலகத்தில் பிடித்த உடுப்பு இந்த அங்கிதான். நாலு வருடத்துக்கு முன்னால் அவர் தைத்தது. தோளும் உயரமும் மட்டும் போதும் என்று புடவைக்கு மேலேயே நாடாவை வைத்து அளந்தார். என்னுடையதில் மட்டும் இடது பக்கம் இரண்டு மடிப்பு கூடுதலாக இருக்கிறது. துணி மிஞ்சிப் போயிருக்கும்.

ஏப்ரல் 28, திங்கள்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். என் தங்கை பியூலா காப்பி கொடுத்தாள். நானும் பியூலாவும் அவள் புருஷனுமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். வந்தவர் பையிலிருந்து வெள்ளைப் பட்டுத் துணியை எடுத்து வைத்தார்.

"கல்யாண ஜாக்கெட்ட நானே தைக்கணும்னு ஆசை டீச்சர். உங்க அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்து விடுங்க."

சொல்லும்போது அவருக்குக் காது சிவந்தது. எனக்கோ முகம் வெளுத்தது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த டைரியைப் பூட்டிவைக்கப் போகிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்கு மதுரையில் ஆப்பரேஷன் ஆயிற்று. சபையில் 'ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை' என்று ஜெபித்தார்கள். சிறியது இல்லை. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். இப்போது ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒரு தரம் வந்து காட்டினால் போதும் என்கிறார் டாக்டர். தெரிந்தவர்கள் பியூலாவும் அவள் புருஷனும்தான். அன்றிலிருந்து எந்தத் தையற்கடைக்கும் நான் ஜாக்கெட் கொடுத்ததில்லை. பியூலாவின் மெஷினில் நானே தைத்துக்கொள்கிறேன். உள்ளே இடது பக்கம் ஒரு பை, அதில் பஞ்சு.

அவர் போனதும் கட்டிலில் இரண்டு ஜாக்கெட்டை விரித்துவைத்தேன். ஒன்று பழையது, ஆப்பரேஷனுக்கு முன்னால் போட்டது. இன்னொன்று பை வைத்தது. முழங்கால் போட்டு, "ஆண்டவரே, எந்த ஜாக்கெட்?" என்று ஜெபித்தேன். இப்படி ஒரு விண்ணப்பம் பரலோகத்துக்கு இதற்குமுன் போயிருக்குமா என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

பழையதைக் கொடுத்துவிட்டேன். வாயால் பொய் சொல்லவில்லை. துணியால் சொன்னேன்.

மே 2, வெள்ளி

திரும்பி வந்துவிட்டது! பழுப்புத் தாளில் மடித்து, மேலே கடைச் சீட்டில் நாலு வரி: "இது டீச்சர் அளவு இல்லை. இப்போது உடுத்துவது வேண்டும். அவசரம் இல்லை. அ.நா."

பியூலா சீட்டைப் பிடுங்கி வாசித்தாள்.

"பாத்தியா? அந்த மனுசன் கண்ணுல மண்ணத் தூவ முடியுமா? சொல்லிரு அக்கா."

"எப்டிளா சொல்ல?"

"வாயாலதான். பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு எல்லாத்தையும் போர்டுல படம் போட்டுச் சொல்லுதல்லா?"

"அது படம்."

"சொன்னா வேண்டாம்னுருவாங்கன்னு பயப்படுதியா?"

இல்லை என்றேன். அது பாதிதான் உண்மை. வேண்டாம் என்று சொன்னால் அழுதுவிட்டுப் பரீட்சைத்தாள் திருத்தப் போய்விடுவேன். என் பயம் அவர் சரி என்று சொல்வது. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார்கள். கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்துக் கவனித்தவர் இவர். அப்படிப்பட்டவர் என்னிடம் இரக்கப்பட்டுச் சரி என்று சொல்லிவிட்டால்? மறுபடி ஒரு நோயாளியைக் கொண்டுபோய் அந்த வீட்டில் நான் வைக்கலாமா? அதைவிட ஒத்தையாகவே இருந்துவிடலாம்.

 அந்தச் சீட்டை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். 'அவசரம் இல்லை' என்பதை எட்டு தரம் வாசித்தேன்.

மே 4, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இன்று அக்கினி நட்சத்திரம் தொடங்குகிறது. ஆராதனை முடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டேன். வந்தார். பின்னாலேயே பெண்கள் ஐக்கியம் முழுவதும் வந்தது. விருந்துக்கு ஆட்டுக்கறியா கோழியா என்று அரைமணி நேரம். அவர் நடுவில் நின்று எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்கறி என்று முடிவாயிற்று.

மே 7, புதன்

கடைக்கே போனேன். பகல் பன்னிரண்டு மணி, ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, பன்னீர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். கடை மூலையில் ஒரு துணிப் பொம்மை, தலையில்லாத உடம்பு, இரண்டு பக்கமும் அச்சு வார்த்தாற்போல. அதைப் பார்க்காமல் பேச வேண்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

"உங்கட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க டீச்சர்." மெஷினை நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் நாலு புடவையோடு வந்து, இன்றைக்கே ஃபால்ஸ் வைத்துத் தர வேண்டும், வளைகாப்பு என்று நின்றாள். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அவர் ஓட்டினார். பச்சைப் புடவை, கத்தரிப்பூ நிறம், இன்னொரு பச்சை, மஞ்சள். ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் அவர் விரல் என் விரலில் வந்து முட்டியது. நாலு புடவை, நாலு தரம். நான் உயிரியல் படித்தவள், தோலில் எத்தனை நரம்பு முனைகள் என்று எனக்குத் தெரியும். அத்தனையும் அந்த ஒரு விரலுக்குக் குடிவந்திருந்தன.

சொல்ல வந்ததைச் சொல்லாமலே வந்துவிட்டேன். துணைக்காக மட்டும்தான் என்று இந்த நோட்டில் எங்கோ எழுதியிருந்தேன். அதை யாரும் நம்ப வேண்டாம்.

மே 8, வியாழன்

என் அறையில் கண்ணாடி வைத்த பீரோ ஒன்று இருக்கிறது. ஏழு வருடமாக அந்தக் கண்ணாடிமேல் ஒரு துண்டு தொங்குகிறது. பகலில் முகத்துக்கு மட்டும் ஒரு ஓரத்தை விலக்கிக்கொள்வேன். இன்று மத்தியானம் பியூலா வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டுத் துண்டை எடுத்தேன்.

அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. ஒரு கோடு. ஓரம் அடித்த துணி மாதிரி, விலாப் பக்கமாகப் போகும் ஒரு நீளக் கோடு. நான் நினைத்து வைத்திருந்ததைவிட அது அமைதியாகத்தான் இருந்தது.

அப்போதுதான், தழும்பைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷன், அந்தத் தோமா ஞாபகம் வந்தான். முதலாம் ஓலையன்று நான் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசித்த பகுதி. உயிர்த்தெழுந்தவர் சீஷர்களுக்கு நடுவில் வந்து நிற்கிறார். கைகளையும் விலாவையும் காட்டுகிறார். இதை எத்தனை ஈஸ்டருக்குக் கேட்டிருக்கிறேன்! சாவையே ஜெயித்து வந்தவருக்கு ஒரு தழும்பை அழிப்பது பெரிய காரியமா? அவர் அழிக்கவில்லை. அதைக் காட்டித்தான் 'நான்தான்' என்று தெரியப்படுத்தினார். நானோ சரீரம் ஆலயம் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திவிட்டு, என் ஆலயத்துக்குத் துண்டு போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

பாட நோட்டை எடுத்து இதை எழுதிவைத்தேன். பிறகு பியூலா வரும் சத்தம் கேட்டது. துண்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். பழக்கம்.

மே 10, சனி

நாளை மூன்றாம் ஓலை. அதற்குள் தெரியப்படுத்தாத தடை பிறகு தடையாகாது. சட்டப்படி நான் தப்பித்துவிடுவேன். தப்பிக்கத்தான் மனம் வரவில்லை. அவரோ மகளை அழைத்துவரக் கோயம்புத்தூர் போயிருக்கிறார், காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கோயிலுக்குத்தான் வருவார். போனில் சொல்லும் விஷயமா இது? போன் பண்ணினேன். "டீச்சர், உங்களுக்கு அல்வா பிடிக்குமா மைசூர்பாக்கா?" என்றார். மைசூர்பாக் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஆராதனை தொடங்கிய பிறகுதான் அவர் மகளோடு உள்ளே வந்தார். பேச வழியில்லை. ஐயர் மூன்றாம் ஓலையை எடுத்தார். பெயர்களை வாசித்தார். "இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரியப்படுத்தவும்" என்று சொல்லி, வழக்கம்போல மூச்சு விடும் அளவுக்கு நிறுத்தினார்.

நான் எழுந்தேன்.

நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. கிப்சன் சார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்தவர் பாட்டை வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஆர்கன் கேட்டதும் பாடகர் குழு எழுந்தது. குழு எழுந்ததும் சபை எழுந்தது. என் கல்யாணத்துக்குத் தடை சொல்ல முந்நூறு பேர் எழுந்து நிற்கிறார்கள்! ஐயர் ஓலையைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார். ஆண்கள் நிற்கும் டெனர் பக்கத்தில் இரண்டு பேர் பாடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"எல்லாரும் உக்காருங்க! ஆர்கன நிறுத்துங்க!" என்றார் ஐயர்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன்.

"எனக்கு ஒரு தடை இருக்கு ஐயா" என்றேன். என் குரல் எனக்கே ஆல்டோவில் கேட்டது.

 மூன்றாம் வரிசையில் அவர் எழுந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஐயா" என்றார்.

எங்கோ பியூலா "ஆண்டவரே" என்றாள். ஐயர் தெளிந்து, ஏழு சரணம் உள்ள ஒரு பாட்டைச் சொல்லி எல்லாச் சரணத்தையும் பாடச் சொன்னார். எங்களை ஆலயத்துக்குப் பின்னாலிருக்கும் சிறிய அறைக்குக் கூட்டிப் போனார். போனவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "நான் கேக்கல, நீங்க பேசுங்க" என்றார். சொன்ன வேகத்தில் ஓலையால் விசிறிக்கொண்டார்.

நான் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அண்ணாச்சி, எனக்கு ஏழு வருசத்துக்கு முன்னால ஆப்பரேசன் ஆச்சு. சின்னதுன்னு சபையில ஜெபம் பண்ணுனாங்க, சின்னது இல்ல. புத்துநோய். எடது பக்கம் மார்பு எனக்கு இல்ல. இப்ப நல்லா இருக்கேன். திரும்ப வராதுன்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க. நீங்க ஏற்கனவே ரெண்டு வருசம் ஒருத்தங்களப் பாத்து அனுப்புனவங்க. இரக்கப்பட்டு என்னைக் கட்டாதீங்க. பழைய ஜாக்கெட்டக் குடுத்து ஏமாத்தப் பாத்தேன். அதையும் மன்னிச்சிருங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே இரண்டாம் சரணம் தொடங்கியது.

"தெரியும் டீச்சர்" என்றார்.

"என்ன தெரியும்?"

"என்ன நோய்னு தெரியாது. எடது பக்கம் இல்லன்னு தெரியும். நாலு வருசத்துக்கு முன்னால அங்கிக்கு அளவெடுத்தேம்லா? முப்பது வருசமா துணி வெட்டுத கை. உங்க எடது தோளு அரை இஞ்சு ஏறி இருந்துச்சு. அதுக்குத்தான் அந்தப் பக்கம் ரெண்டு மடிப்பு வச்சேன். நீங்க கையத் தூக்கிப் பாடும்போது துணி சப்புன்னு ஒட்டக் கூடாதுன்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த இடத்தில் கோபம் வரும் என்று நானே நினைக்கவில்லை.

"தெரிஞ்சும் எதுக்கு அளவு ஜாக்கெட் கேட்டிய? என்னைய இப்டித் தவிக்க விட்டு!"

"நீங்களாக் குடுக்கணும்னுதான். நானாத் தெரிஞ்ச அளவுல தச்சுக் குடுத்தா, கதவு இடுக்குல எட்டிப் பாத்த மாதிரில்லா ஆயிரும்?"

 அவர் அதோடு நிறுத்தவில்லை. அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"கடையில நிக்குற பொம்மைக்குத்தான் டீச்சர் ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நான் தச்ச மனுசங்கள்ல ஒருத்தருக்கும் அப்டி இருந்ததில்ல. என் சம்சாரம் படுத்தது ரெண்டு வருசம். அதுக்கு முன்னால பதினெட்டு வருசம் நாங்க சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். நீங்க ரெண்ட மட்டும் எண்ணுதிய. இரக்கம்னு சொல்லுதிய. இரக்கப்படுதவன் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்த விட்டுட்டு ஆல்டோ பக்கமே பாத்துக்கிட்டு இருப்பானா? இதையும் ஐயர் கேக்கட்டும், பரவால்ல."

ஐயரின் முதுகு குலுங்கியது. இருமல் என்றுதான் நினைக்கிறேன்.

"அப்ப தடை?" என்றேன்.

"நீங்க தடைன்னு சொன்னா நானும் என் தடையக் கழத்தி மேசையில வச்சிருதேன்" என்று வாய்க்குக் கையைக் கொண்டுபோனார். மேல் வரிசைப் பல்!

"வேண்டாம் வேண்டாம்" என்று கையைப் பிடித்தேன். பிடித்த கையை விட மறந்துவிட்டேன். ஆறாம் சரணத்தில்தான் கவனித்தேன்.

"ஒண்ணு மட்டும் டீச்சர்" என்றார். "இந்த அண்ணாச்சிங்குறத இன்னையோட விட்டுருங்க."

ஐயர் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெளியே வந்து சபைக்கு அறிவித்தார்: "தெரியப்படுத்திய தடை விசாரிக்கப்பட்டது. தடை ஏதும் இல்லை. இது மூன்றாம் ஓலை." ஓலைக்கு ஆமென் சொல்லும் வழக்கம் எங்கும் கிடையாது. இன்று முந்நூறு பேரும் சொன்னார்கள்.

மே 12, திங்கள்

அவருக்குக் கட்டுப்பல் என்று தெரிந்துதான் டீச்சர் எழுந்து நின்றாராம். ஊரெல்லாம் இதே பேச்சு. யார் கிளப்பியது என்று பியூலா துருவிப் பார்த்தாள். அவரேதான்! கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கொண்டிருக்கிறாராம். நான் கேட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு மாவு ஆட்டினேன்.

சாயங்காலம் பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து, காரணம் பல் இல்லை, என் ஆப்பரேஷன்தான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.  கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, ஒரு அக்கா என் காதருகே வந்து, "எனக்கும் வலது பக்கம் ஒரு கட்டி இருக்கு டீச்சர், ஆறு மாசமா யார்ட்டயும் சொல்லல" என்றார். நாளைக் காலையில் அவரை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

மே 13, செவ்வாய்

டாக்டரிடம் போய்வந்தோம். நீர்க்கட்டிதானாம். அந்த அக்கா ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார். அங்கிருந்து நேரே கடைக்குப் போய் அளவு ஜாக்கெட்டை என் கையாலேயே கொடுத்தேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பை தெரியும்படி. மேசையில் விரித்து நாடாவை வைத்து அளந்தார். கை நீளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிற அதே குரலில், "பஞ்சு வைக்கவா, வேண்டாமா?" என்றார்.

"ரெண்டு மாதிரியும் தைங்க. அன்னைக்கு எது தோணுதோ அதப் போட்டுக்கிடுதேன்."

"அப்ப ரெண்டு நாள்ல ரெண்டு ஜாக்கெட்" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தார். வகுப்பில் கை தூக்கிய ஷெரின் இருந்தால், ஆலயத்தைத் திறந்தாயிற்று என்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 15, வியாழன்

வெள்ளைப் பட்டு. ஒரு சேஃப்டி பின்கூடக் குத்தவில்லை. எந்த ஜாக்கெட் என்று கேட்டால் சொல்லமாட்டேன். பலிபீடத்துக்கு முன்னால் திரும்பி நின்றபோது அவருக்குத் தெரிந்தது. தாலிச் சரட்டைக் கட்டும்போது சிரித்தார். ஆட்டுக்கறி பிரமாதம்.

மே 16, வெள்ளி

என் சாமான்களோடு கண்ணாடி பீரோவும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. வண்டியிலிருந்து இறக்கி வைத்ததும் முதல் வேலையாகத் துண்டை மாட்டிவைத்திருந்தேன். ஏன் என்று நானே என்னைக் கேட்கவில்லை.

காலையில் அவர் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். பல் இன்னும் தம்ளரில்தான் கிடந்தது. அதனால் பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"எப்சி, துண்டு எங்க?"

பதில் சொல்லுமுன்பே கண்ணாடிமேல் தொங்கியதைக் கண்டு, உருவி எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கிவிட்டார். அது எதற்கு அங்கே தொங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடியில் பொக்கைவாய்ச் சிரிப்போடு அவரும், உள்பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு காப்பித் தம்ளரோடு நானும் நின்றோம். தோளும் கோட்டின் ஒரு நுனியும் எனக்குத் தெரிந்தன. நான் நகரவில்லை.

"என்னங்க" என்றேன். முதல் தரம். நன்றாகத்தான் இருந்தது. "காப்பி ஆறுது."

அவர் துவட்டிப் போட்ட துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைக் கொடியில் காயப் போட்டேன்.